வஜீதாவின் குரல் இருந்த ஃபோல்டர்

அப்சலுக்கு ஒரு வியாதி உண்டு. சர்க்கரையோ பிரஷரோ என்றால் மாத்திரை போட்டு ஓட்டிவிடலாம். இது அந்த ரகமில்லை. எந்தக் கம்ப்யூட்டரிலாவது பழைய வெர்ஷன் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், அவனுக்குக் கை பரபரக்கும். ரமணாசிரமம் பக்கத்தில் ஏதாவது கெஸ்ட் ஹவுஸில் பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டிருப்பார்கள். போனோமா, பிரிண்டரைப் பார்த்தோமா, வந்தோமா என்று இருக்க மாட்டான். உள்ளே இருக்கிற அத்தனை புரோகிராமையும் புதுப்பித்து, பழசையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டுத்தான் அவர்கள் கொடுக்கிற டீயைக் கையில் எடுப்பான். "இருக்கட்டும் பாய், எதுக்கு அழிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், "பழச வச்சிக்கினு என்னாங்க பண்ணப் போறீங்க?" என்பான்.

செங்கம் ரோட்டில் அவன் கடை. ஒரே ஒரு ஷட்டர்தான். ஆனால் அந்த ரோட்டில் பாதி கம்ப்யூட்டர் அவன் தயவில்தான் ஓடுகிறது. மற்ற கடைக்காரர்கள் "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று கைவிரித்த மெஷினில் லினக்ஸைப் போட்டு இன்னும் நாலு வருஷம் ஓட வைத்துவிடுவான்.

லினக்ஸில் ஆப்இமேஜ் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. ஒரு புரோகிராம் முழுவதும் ஒரே ஃபைலாக இருக்கும். இன்ஸ்டால் செய்கிற வேலையே கிடையாது. பென் டிரைவில் போட்டு எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போய் ஓட்டலாம். வசதிதான். ஆனால் அது பாட்டுக்கு ஏதோ ஒரு மூலையில் கேட்பாரற்றுக் கிடக்கும். மெனுவில் பெயர் வராது, படம் வராது, புது வெர்ஷன் வந்தாலும் தெரியாது. அப்சல் இதற்கெல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். அவன் கைபட்ட மெஷினில் இந்த ஃபைல்கள் ஆளுக்கொரு படத்தோடு மெனுவில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் புது வெர்ஷன் தானாக வந்து இறங்கும், பழசு தானாகக் கழன்றுகொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்துவிட்டால், புரோகிராம் தன் சாமான் செட்டையெல்லாம் அதிலேயே வைத்துக்கொள்ளும். அப்சல் எல்லா இடத்திலும் அப்படித்தான் வைப்பான். சரி, ஃபைல் போய்விட்டு ஃபோல்டர் மட்டும் தங்கிவிட்டால்? இடத்தை அடைக்காதா? அதற்காக, துணை ஃபைல் இல்லாத ஃபோல்டரைத் தேடிப்பிடித்து அழிக்கிற குட்டிப் புரோகிராம் ஒன்றை அவனே உட்கார்ந்து எழுதினான். எழுதி முடித்த அன்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். "வூட்ல ஒரு துணி மடிக்கத் துப்பில்ல, கம்ப்யூட்டர்ல பெருக்குறாராம்" என்றாள் வஜீதா. அது தெருமுனை வரை கேட்டது.

வஜீதாவின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெதுவாகப் பேசுவது என்றால் என்ன என்றே அவளுக்குத் தெரியாது. மாடியிலிருந்தபடியே மீன்காரரிடம் பேரம் பேசுவாள். கீழே இருக்கிறவர் வாயைத் திறக்கும் முன்னால் விலை படிந்துவிடும். பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் பிர்தௌஸ், "அம்மா, போனை வச்சிட்டே பேசு, இங்க வரைக்கும் கேக்குது" என்று கிண்டல் செய்வாள். அப்சலைத் திட்டும்போது மட்டும் அந்தக் குரலில் ஒரு ருசி சேரும். அவன் சட்டையைக் கழற்றிப் போட்ட இடத்தில் ஆரம்பித்து, அவன் தம்பி கல்யாணத்தில் போய், அவன் வாங்கிவந்த கத்திரிக்காயில் முடிப்பாள். அப்சல் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். உள்ளுக்குள் அவனுக்கு அது பிடிக்கும், சத்தியமாகப் பிடிக்கும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. முதலில் கட்டி என்று மட்டும் சொன்னார்கள், பிறகு கட்டிக்குப் பெயர் சொன்னார்கள். உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்குச் சில வாரம் இருந்தது. அந்த வாரங்களில் அப்சல் தூங்கினானா என்பது அவனுக்கே தெரியாது. லினக்ஸ் பழக்கத்தில் கிடைத்த நண்பன் புகழேந்தி சென்னையில் இருந்தான்; கம்ப்யூட்டரைப் பேச வைக்கிற வேலையில் கெட்டிக்காரன். "பாய், அக்காவை நிறைய படிக்க வச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. டைப் பண்ணா அவங்க குரல்லயே பேசுற மாதிரி செஞ்சிடலாம்" என்றான்.

படுக்கையறை ஜன்னலில் ரஜாய்ப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, மைக்கை வைத்து, வஜீதாவைப் படிக்கச் சொன்னான். அவள் ஒவ்வொரு முறையும் பிஸ்மில்லா சொல்லித்தான் ஆரம்பிப்பாள். நாலு வரி படிப்பாள், பிறகு படிப்பை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொள்வாள். "மழை பெய்தது, மாடு வந்தது... இதெல்லாம் எவன் எழுதுனான்? ஃபேனைப் போடுங்க, வேர்த்து ஊத்துது. ஏன் இப்படி மூஞ்சிய வச்சிக்கினு இருக்கீங்க, நான் என்னா செத்தா போயிட்டேன்?" அப்சல் எதையும் வெட்டவில்லை. படித்தது, திட்டியது, இருமியது, சிரித்தது எல்லாவற்றையும் அப்படியே அனுப்பினான். அதனால்தான் புகழேந்தி செய்து கொடுத்த குரலில் வஜீதா அப்படியே இருந்தாள். "இங்க வாங்க" என்று டைப் செய்தால் அது அழைப்பு போல வராது, அதட்டலாக வரும்.

குரல் வேலை முடிந்ததும், ஆபரேஷனுக்கு முன்னால், வஜீதா ஒன்று கேட்டாள். "அந்தத் தம்பி நல்லவருதான். ஆனா வேத்து மனுஷன் வூட்டுல என் கொரலு எதுக்குங்க? அழிச்சிட சொல்லுங்க." அப்சல் உடனே புகழேந்தியைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் அழிக்கச் சொன்னான். அழிக்கச் சொல்வது அவனுக்குக் கஷ்டமான காரியமா என்ன? ரெக்கார்டு செய்தது, அதிலிருந்து செய்த குரல் எல்லாமே டைப் செய்தால் பேசுகிற ஆப்இமேஜ் ஒன்றின் ஃபோல்டரில், ஒரே இடத்தில், பத்திரமாக இருந்தது. கடையில் இருந்த பெரிய டிஸ்க்கில் அதற்கு ஒரு நகலும் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து வஜீதா கழுத்தில் ஒரு ஓட்டையோடு வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வண்டு ரீங்காரம் போல வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துபோய் அதை பீரோவில் போட்டுப் பூட்டினாள். அப்சல் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். மெனுவில் அவளுக்குப் பிடித்த மாதிரி ஒரு பச்சைக்கிளிப் படம் வைத்திருந்தான். கிளியைத் தொட்டதும் பெட்டி திறந்தது. ஒரு விரலால் மெல்ல டைப் செய்தாள். "குழம்புக்கு உப்பு போட்டீங்களா, இல்ல வாயப் பாத்துக்கினு நின்னீங்களா?" என்று வஜீதாவின் குரல் வீடெல்லாம் கேட்டது. அப்சல் அடுப்படிக்குள் ஓடிப்போய், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். அழுகை என்றால் சாதாரண அழுகையில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. ஒரே ஒரு குறைதான். அவசரத்தில் வஜீதா சில சமயம் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சொல்வாள். அப்சலுக்கு அது பிடிபடவே இல்லை. "டைப் பண்ணு, டைப் பண்ணு" என்பான். பக்கத்து வீட்டில் இட்லி மாவு விற்கிற கன்னியம்மாளுக்கு அந்த லேப்டாப்பே தேவைப்படாது. இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தால் வஜீதா வாயை அசைக்க அசைக்க அவள் கெக்கெக்கே என்று சிரிப்பாள். "உங்களுக்கு மட்டும் ஏன் பாய் புரிய மாட்டேங்குது? மூஞ்சியப் பாருங்க, தானா புரியும்" என்பாள். மெஷின் இருக்கும்போது மூஞ்சி எதற்கு என்று அப்சல் நினைத்துக்கொள்வான்.

இப்படி இருக்கையில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா தொழுகை முடித்து அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது வஜீதா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் திரையைக் காட்டினாள். கிளியைக் காணோம். அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மைக் படம் இருந்தது. அவள் அதைத் தொட்டு டைப் செய்தாள். யாரோ ஒரு பெண், செய்தி வாசிக்கிற தோரணையில், தேன் குழைத்த மாதிரி பேசினாள். "கிளி எங்கே போச்சு? இது யாரு?"

கடைக்கு வருகிற ஆயிரம் பேரிடம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வாய் அப்சலுக்கு. அதிலிருந்து தானாக அந்தக் கேள்வி விழுந்தது.

"நீ எதையாவது அமுத்துனியா?"

வஜீதா முகம் வெளிறிவிட்டது. யோசித்தாள். காலையில் ஒரு பெட்டி வந்தது, ஏதோ இங்கிலீஷில் இருந்தது, சரி என்று இருந்ததை அழுத்தினேன் என்று டைப் செய்தாள். அதையும் அந்தச் செய்திக்காரிதான் படித்தாள்.

"ஏம்மா பாக்காம அமுத்துன?" என்றான் அப்சல். சொல்லிக்கொண்டே லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தப் பேசும் புரோகிராமைச் செய்கிறவர்கள் இந்த முறை அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். புதுப் பெயரில் புது ஃபைல் வந்து இறங்கியிருந்தது. பழைய பெயரில் இருந்த ஃபைல் வழக்கம்போலப் போய்விட்டது. பழைய பெயரில் இருந்த ஃபோல்டர் துணையில்லாமல் நின்றது. துணையில்லாத ஃபோல்டரை என்ன செய்வது என்று அப்சலின் குட்டிப் புரோகிராமுக்கு நன்றாகத் தெரியும். வஜீதா அழுத்திய பெட்டி, வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல வந்த பெட்டி. அவள் அழுத்தாமல் விட்டிருந்தாலும் போனது போனதுதான். பாவி, அழித்தது நீ எழுதியதல்லவா! நிமிர்ந்து பார்த்தான். வஜீதா கதவோரம் நின்று, தன் வலது கை ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கடையில நகல் இருக்குது, எடுத்தாந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். குரலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் யார் அழித்தது என்ற பேச்சே வராது என்று கணக்குப் போட்டான்.

கடை டிஸ்க்கில் நகல் இல்லை. வீட்டில் இருப்பதை அச்சு அசலாக அப்படியே கடையிலும் வைக்க வேண்டும் என்று அவன்தான் ஏற்பாடு செய்திருந்தான். வீட்டில் ஒன்று சேர்ந்தால் கடையிலும் சேரும். வீட்டில் ஒன்று போனால் கடையிலும் போகும். ஜும்மாவுக்கு முன்னாலேயே அது தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. அழித்த ஃபைலை மீட்கிற புரோகிராம்களை ஓட்டிப் பார்த்தான். அந்த டிஸ்க்கையும் அவன் விட்டுவைக்கவில்லையே. அழிந்த இடத்தை அவ்வப்போது துடைத்துவைக்கிற வசதியைப் போட்டிருந்தான். துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

புகழேந்தியைக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொல்லி, நகல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். "பாய், நீங்கதானே ஒண்ணு விடாம அழிக்கச் சொன்னீங்க? அக்கா விருப்பம்னு சொன்னீங்களே, நானும் மனசாரத் தேடித் தேடி அழிச்சேன் பாய்" என்றான். அவன் அழுகிற மாதிரி இருந்தது. அப்சல் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் பிர்தௌஸிடம் விஷயத்தைச் சொன்னான். யார் அழித்தது என்பதை அவளிடமும் சொல்லவில்லை. அம்மா அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் எங்கே என்று கேட்டான். "போன ரம்ஜானுக்கு வந்தப்ப என் போனை வாங்கி, இடம் அடைக்குதுன்னு நீங்கதானப்பா சுத்தம் பண்ணீங்க?" என்றாள் அவள். கல்யாண வீடியோவில் பாட்டைத் தவிர வேறு சத்தம் இல்லை. வஜீதாவின் தங்கை வீட்டில் விசாரித்தான், மச்சான் வீட்டில் விசாரித்தான். நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவளின் குரலை ஒருத்தராவது பிடித்து வைத்திருக்க வேண்டுமே? எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தத்தை யார் எடுத்து வைப்பார்கள்?

வீட்டில் வஜீதா அந்தச் செய்திக்காரியைத் தொடவில்லை. பிர்தௌஸ் வழக்கம்போல சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்கு முன்னால் கூப்பிட்டபோது போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள், கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். போனில் ஏதாவது பெட்டி வந்தால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வாஷிங் மெஷின் பட்டனைக்கூட அழுத்தாமல் அப்சலைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினாள். அதையெல்லாம் அப்சல் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இப்போதாவது சொல்லு என்று மனசு சொன்னது. குரல் கிடைக்கட்டும், சொல்லிவிடலாம் என்று வாய் தள்ளிப்போட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டென்று அருணகிரியின் நினைப்பு வந்தது. வந்ததும் உயிர் போய் உயிர் வந்தது.

அருணகிரி அடி அண்ணாமலைக்காரர். கிரிவலப் பாதையை ஒட்டி இரண்டு காணி நிலமும், யாத்திரிகர்கள் குளித்துத் தங்க நாலு அறையும் வைத்திருப்பவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் கேட்டுக்கு முன்னால் மலை மாதிரி செருப்பு குவிந்துவிடும். போர்டு எழுதிப் பார்த்தார், கயிறு கட்டிப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் கம்ப்யூட்டர் விஷயமாக அப்சல் வீட்டுக்கு வந்தவரை, "கேட்டை சாத்திட்டு வாங்க" என்று வஜீதாவின் குரல் அதட்டியது. மனுஷன் பதறிப்போய் ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினார். "பாய், இந்தக் கொரல எனக்குக் குடுங்க. ஒருத்தன் செருப்பு வுட மாட்டான்" என்றார். வஜீதா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "செருப்புக்காரங்களைத் திட்டறதுக்குன்னா எடுத்துக்கினு போங்க" என்று டைப் செய்தாள். அந்த ஃபோல்டரை அப்படியே அவர் கம்ப்யூட்டரில் போட்டு, ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்திருந்தான் அப்சல். பௌர்ணமியன்று அருணகிரி கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து டைப் செய்வார், வஜீதா விரட்டுவாள்.

வண்டியை விரட்டிக்கொண்டு அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தான். அருணகிரி அறைகளைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய், வாங்க. கூப்புடாமயே வந்துட்டீங்க?"

"உங்க மெஷினைக் கொஞ்சம் பாக்கணும்ங்க."

"நல்லா ஓடுது பாய், கவலையே இல்ல. நீங்க போட்டுக் குடுத்த மாதிரியே வெள்ளிக்கிழமை தவறாம அப்டேட் ஆவுது. நான் கை வைக்கிறதே கெடையாது."

அப்சல் அதற்கு மேல் நடக்கவில்லை. நின்ற இடத்தில் இருந்தே ஜன்னல் வழியாகத் திரை தெரிந்தது. சாம்பல் நிற மைக் தெரிந்தது. கழுவின ஈரத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். அருணகிரி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னான். தான்தான் அழித்தேன் என்பதையும் சொன்னான். முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான்.

"வூட்ல அம்மா கிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்று அப்சல் தலையை ஆட்டினான்.

அருணகிரி போனை எடுத்துத் தள்ளித் தள்ளித் தேடினார். சித்திரை பௌர்ணமியில் அவர் மகள் ரேவதி எடுத்த வீடியோ ஒன்று கிடைத்தது. கூட்டம் நகர்கிறது, அரோகரா சத்தம், நாதஸ்வரம், பலூன்காரன் பீப்பி. அதற்கு நடுவில், ஸ்பீக்கரிலிருந்து, "ஐயா, அந்தச் செருப்ப எடுங்க. ஆமா, ஒங்களைத்தான்." அவ்வளவுதான். பிறகு யாரோ சிரிக்கிறார்கள், வீடியோ முடிந்துவிடுகிறது.

அப்சல் அங்கேயே புகழேந்திக்கு அதை அனுப்பிக் கேட்டான். "இவ்ளோ கூட்டச் சத்தத்துல இவ்ளோண்டு பேச்சு. அதுவும் மெஷின் பேசுனது. முயற்சி பண்ணா ஏதோ ஒண்ணு வரும் பாய். ஆனா அது அக்காவா இருக்காது" என்றான் அவன். ஆக இந்த உலகத்தில் வஜீதாவின் குரல் என்று மிச்சமிருந்தது ஒரு செருப்பு அதட்டல்தான். யா அல்லாஹ், எவ்வளவு பேசினாள்! எவ்வளவு பேசினாள்!

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கன்னியம்மாள் மாவுப் பாத்திரத்தோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். வஜீதா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்சல் போனை அவள் கையில் கொடுத்து வீடியோவைப் போட்டான். செருப்பு அதட்டல் வந்ததும் வஜீதாவின் தோள் தூக்கிப்போட்டது. திரும்பப் போட்டாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்து ஓட்டைப் பக்கம் இறங்கியது. முந்தானையால் அதைத் தடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அவ்ளோதான் கெடைச்சுது" என்றான் அப்சல்.

வஜீதா புரிந்துகொண்டாள். தலையை ஆட்டினாள். இரண்டு நாளாகத் தொடாமல் இருந்த லேப்டாப்பை இழுத்து, பயந்து பயந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி டைப் செய்தாள். நெடுநேரம் டைப் செய்தாள். பிறகு அந்தச் செய்திக்காரி, வட மாவட்டங்களில் மழை பெய்யும் என்று சொல்கிற அதே இதமான குரலில், எந்தக் கவலையும் இல்லாமல் வாசித்தாள்.

"நீங்க தூக்கம் இல்லாம செஞ்சி குடுத்தது. நான் பாக்காம அமுத்திக் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. பிர்தௌஸ் கிட்டயும் சொல்லிடுங்க, அவ அம்மா தெரியாம செஞ்சிட்டான்னு."

அப்சல் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். அவள் காலடியில் போய் உட்கார்ந்தான்.

"நீ இல்ல வஜீதா. நீ ஒண்ணும் செய்யல. நீ அமுத்துனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் எழுதி வச்சனே, பெருக்குறது, அதுதான் அழிச்சிது. கடையில இருந்ததும் என்னாலதான் போச்சு. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். அன்னிக்கே தெரியும்."

கன்னியம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். வஜீதா அவனைப் பார்த்தாள். அவள் கை லேப்டாப் பக்கம் போயிற்று. டைப் செய்யப்போகிறாள் என்று அப்சல் நினைத்தான். அதை மூடிவிட்டாள்.

"திட்டு வஜீதா. என்னா வேணா சொல்லித் திட்டு. அடிக்கக்கூட அடி" என்றான்.

அவள் வாய் அசைய ஆரம்பித்தது. கழுத்து ஓட்டையில் காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது. அப்சல் அந்த உதட்டையே பார்த்தான். ஒரு சொல்லாவது பிடிபடாதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. கத்துகிற முகமாகவும் அது தெரியவில்லை. இருபத்து நாலு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளின் வாயிலிருந்து ஒரு வார்த்தையைக்கூட அவனால் எடுக்க முடியவில்லை. "டைப் பண்ணு" என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது; நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை. உதடு அதே மாதிரி, அதே மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

அப்சல் திரும்பிக் கன்னியம்மாளைப் பார்த்தான். "என்னாம்மா சொல்றா?"

"வேணாம் பாய்."

"சொல்லும்மா. திட்டறான்னா அப்படியே சொல்லு, பரவாயில்ல."

"திட்டல பாய்." கன்னியம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அவளுக்கு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'கொரலு போனா போவுது, அது மெஷினுதானே'ன்றாங்க. 'பழிய ஏன் என் மேல போட்டீங்க?'ன்னு கேக்குறாங்க. 'நானே என் கையால அழிச்சிட்டேன்னு ரெண்டு நாளா வெந்துக்கினு இருந்தனே, பாத்துக்கினுதானே இருந்தீங்க? எப்படி மனசு வந்துச்சு?'ன்னு கேக்குறாங்க."

அப்சல் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வஜீதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, விடாமல், மறுபடியும் வாயை அசைத்தாள்.

"இப்ப என்னா சொல்றா?"

"அதையேதான் கேக்குறாங்க பாய்" என்றாள் கன்னியம்மாள்.